பூனைக்குச் சர்க்கரை 380: இன்சுலினைக் கூட்டலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கடுவனுக்கு 9 வயது, 6 கிலோ எடை. ஓயாமல் தண்ணீர் குடித்து, கண்ட இடத்திலெல்லாம் சிறுநீர் கழித்ததால் திருநெல்வேலியில் காட்டினோம். சர்க்கரை என்று சொல்லி, கிளார்ஜின் இன்சுலின் காலை 1 யூனிட், இரவு 1 யூனிட் போடச் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் 380. என் கணவரின் மீட்டரில் வீட்டில் பார்த்தால் 210, 240 என்று வருகிறது. 2 யூனிட்டாக்கலாமா? அவர் வைத்திருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சில் புதிதாக ஒன்றை எடுத்துத்தான் போடுகிறோம். சில ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிடுகிறான்.
— வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அம்மா, கூட்டுவதைப் பற்றி அப்புறம் பேசுவோம். உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்தச் சிவப்பு மூடிதான்.

நம் மருந்துக்கடைகளில் புட்டி இன்சுலின் பெரும்பாலும் இரண்டு வலுவில் கிடைக்கிறது. மில்லிக்கு 40 யூனிட் உள்ள புட்டிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. உங்கள் வீட்டுக்காரர் போடுவது 40 ஆக இருக்கும். அவருக்கு அது சரி. பூனைக்கு எழுதித் தரும் கிளார்ஜின் பொதுவாக 100. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 என்ற கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 2.5 யூனிட். நீங்கள் கேட்கிறபடி 2 ஆக்கினால் 5 யூனிட். அது உயிருக்கே ஆபத்து.

இப்போதே புட்டியை எடுத்துப் பாருங்கள். 100 என்று போட்டிருந்தால், இன்று இரவு ஊசிக்கு முன்னால் உங்கள் டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லிவிடுங்கள். இதுவரை வந்த ரீடிங்கெல்லாம் 2.5 யூனிட்டுக்கு வந்தவை என்று அவருக்குத் தெரிய வேண்டும். இனி எந்த அளவு என்று அவர் சொல்லட்டும். ஆரஞ்சு மூடியில் 0.3 மில்லி சிரிஞ்சு, அரை யூனிட்டுக்கும் கோடு போட்டதாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

இனி அந்த 380. கூடையில் அடைத்து, பஸ்ஸில் கொண்டுபோய், நாய்கள் குரைக்கிற வராந்தாவில் உட்கார வைத்தால் சர்க்கரை நோயே இல்லாத பூனைக்கும் பயத்தில் 300 தாண்டும். வீட்டில் எடுப்பதற்குத்தான் மதிப்பு அதிகம். ஆனால் அந்த 210, 240 எந்த நேரத்தில் எடுத்தது? ஊசிக்குச் சற்று முன்னால் என்றால், பெரும்பாலும் அப்போதுதான் சர்க்கரை மேலே இருக்கும். எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்த்துத்தான் அளவை முடிவு செய்வோம். ஒரு லீவு நாளில் காலை ஊசிக்கு முன் ஒரு தடவை, பிறகு 2 மணிக்கொரு தடவை இரவு ஊசி வரை எடுத்து எழுதுங்கள். மிகக் குறைந்த எண் 80-க்கும் 150-க்கும் நடுவில் இருந்தால் அளவு பொருந்துகிறது. 80-க்குக் கீழே போனால் குறைக்க வேண்டும். கூட்டுவதானாலும் அரை யூனிட்தான், அதுவும் ஒரு வாரமாவது பார்த்த பிறகு, டாக்டரிடம் கேட்டு.

ரத்தம் எடுக்கக் காதின் விளிம்பு போதும். வெதுவெதுப்பான ஈரப் பஞ்சைக் காதில் கொஞ்ச நேரம் வைத்தால் விளிம்பு நரம்பு எழும்பித் தெரியும். காதுக்குப் பின்னால் பஞ்சை அண்டைக் கொடுத்து, நரம்பை ஒட்டினாற்போல் ஒரு குத்து. கடுகளவு ரத்தம் வந்தால் போதும். எடுத்ததும் பஞ்சால் அழுத்திப் பிடித்து, ஒரு துண்டு வேகவைத்த கோழியைக் கொடுங்கள். நாலு நாளில் அவனே வந்து உட்காருவான். மனிதருக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் சற்றுக் குறைத்தே காட்டும். அதனால் மீட்டரை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள்.

சாப்பிடாத ராத்திரியில் முழு ஊசி கூடவே கூடாது. கொஞ்சம் தின்றிருந்தால் எவ்வளவு போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்; எதுவுமே தொடவில்லையென்றால் அந்த வேளை ஊசி வேண்டாம். ஊசிக்கு முன் 200-க்குக் கீழே காட்டினாலும் போடாமல் போன் செய்யுங்கள். மருந்து ரோமத்தில் ஒழுகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் மறுபடி குத்தாதீர்கள். ஒரு வேளை தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இரட்டிப்பாகப் போனால் ஆகும். அடுத்த நாளும் சாப்பிடாமல், வாந்தியும் சோர்வும் இருந்தால் அது வேறு ஆபத்து; உடனே காட்ட வேண்டும்.

தள்ளாட்டம், உடம்பு வெட்டுவது, மிரண்ட பார்வை, திடீர்ப் பசி இவையெல்லாம் சர்க்கரை தாழ்ந்ததற்கு அடையாளம். மீட்டரில் 60-க்குக் கீழே இருந்தாலும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். விழுங்க முடிந்தால் உடனே சாப்பாடு வையுங்கள். இல்லையென்றால் குளுக்கோஸைக் குழைத்து, இல்லாவிட்டால் தேனை, ஈறில் தடவுங்கள். வலிப்பு வந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், பல்லுக்கு நடுவே விரலையும் விடாதீர்கள். தடவிய பிறகுதான் வண்டி ஏற வேண்டும். உங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலி வர ஒரு மணி நேரமாவது ஆகும். தெளிந்துவிட்டான் என்று பாதி வழியில் திரும்பிவிடாதீர்கள், இன்சுலின் உள்ளே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியோ வேறு இடமோ, ராத்திரியில் யார் பார்ப்பார்கள் என்று இப்போதே விசாரித்து நம்பரை எழுதி வையுங்கள்.

அரிப்புக்கென்று அவனுக்கு எப்போதாவது ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா? போட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் சர்க்கரையை ஏற்றும்.

பால்சோறு கொடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டியதுதான். பூனைக்குக் கறியும் மீனும்தான் ஆகாரம். ஆனால் சோற்றை நிறுத்தினால் இன்சுலின் தேவை சட்டென்று குறையலாம், சில பூனைகளுக்கு ஊசியே வேண்டாம் என்றும் ஆகிவிடும். அதனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். மாற்றிய தேதியை ரீடிங் நோட்டில் குறித்து, அந்த வாரம் முழுக்க ஊசிக்கு முன் பார்க்காமல் போடாதீர்கள்.