23 லட்சம் பேர் வாழும் ஊரில் தெருவில் ஏன் ஆளில்லை?

கேள்வி: என் கணவருக்கு அமெரிக்காவில் வேலை மாற்றல் வந்திருக்கிறது. ஹூஸ்டன், ஃபிலடெல்ஃபியா இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மூன்று வயதில் மகன் இருக்கிறான். கடை, பூங்கா, பஸ் எல்லாம் நடக்கிற தூரத்தில், ஆள் நடமாட்டத்தோடு இருந்தால் போதும். மக்கள்தொகையில் ஹூஸ்டன்தான் பெரியது என்பதால் அதுவே சரி என்று நினைத்தோம். வாடகை வீடு பார்த்துத் தரும் ஒருவர் அங்கே ஒரு குடியிருப்பைக் காட்டி, "எல்லாமே நடந்து போகலாம்" என்கிறார். இதற்கிடையில், நியூயார்க்கைவிட லாஸ் ஏஞ்சலஸ்தான் நெருக்கமான நகரம் என்று எங்கோ படித்துக் குழம்பிப் போனேன். எதை நம்புவது?
– பெயர் வேண்டாம், கோவை

நகரத் திட்டமிடல் நிபுணரின் பதில்:

நீங்கள் சொல்லும் தேவைக்கு ஃபிலடெல்ஃபியாதான். ஆனால் கணவரின் அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை அதையும் உறுதி செய்துவிடாதீர்கள். அலுவலக விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த மக்கள்தொகைக் கணக்கு.

2020 கணக்கெடுப்பின்படி ஹூஸ்டனில் 23 லட்சம் பேர், ஃபிலடெல்ஃபியாவில் 16 லட்சம் பேர். ஆனால் ஹூஸ்டன் நகராட்சியின் நிலப்பரப்பு சுமார் 1,650 சதுர கிலோமீட்டர். ஃபிலடெல்ஃபியாவுக்குச் சுமார் 350தான். வகுத்துப் பாருங்கள்: ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஹூஸ்டனில் ஏறத்தாழ 1,400 பேர், ஃபிலடெல்ஃபியாவில் 4,600 பேர். டெக்சஸ் மாநிலச் சட்டம் பெரிய நகராட்சிகள் அக்கம்பக்கத்து நிலத்தைத் தம்மோடு சேர்த்துக்கொள்ள நெடுங்காலம் இடம் கொடுத்தது. ஹூஸ்டன் சேர்த்துக்கொண்டே போனது. எல்லைக்கோடு நகர்ந்தால் ஊரின் மக்கள்தொகை ஏறும். உங்கள் வாசலில் நடப்பவர்கள் அதனால் ஒருவர்கூடக் கூட மாட்டார்கள். இவ்வளவு எளிய விஷயத்தைச் சொல்லாமலே வருடா வருடம் "அமெரிக்காவின் பெரிய நகரங்கள்" பட்டியல் வந்துகொண்டிருக்கிறது. அதை வைத்துக் குடும்பங்கள் ஊர் மாறுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

லாஸ் ஏஞ்சலஸ் விஷயம் பொய் இல்லை. நகராட்சி எல்லையை விட்டுவிட்டு, தொடர்ச்சியாகக் கட்டடம் உள்ள பரப்பு முழுவதையும் எடுத்தால், 2020இல் லாஸ் ஏஞ்சலஸில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 2,900 பேர், நியூயார்க்கில் சுமார் 2,300 பேர். காரணம், நியூயார்க் கணக்கில் நியூ ஜெர்சி, லாங் ஐலண்ட் பக்கத்துப் பெரிய புல்வெளி வீடுகளும் சேர்ந்துவிடுகின்றன. லாஸ் ஏஞ்சலஸின் புறநகர்கள் சின்னச் சின்ன மனைகளாக, ஒரே சீராக நிரம்பியவை.

ஆனால் இந்தச் சராசரி ஏமாற்றும். ஒரு பஸ்ஸில் 90 பேர், பின்னால் வரும் பஸ்ஸில் 10 பேர் என்று வையுங்கள். சராசரி 50, இரண்டும் வசதியான பஸ் என்று அதிகாரி எழுதிவிடுவார். பயணம் செய்தவர்களைக் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மூச்சு முட்டியது என்பார்கள். நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது கணக்கு: சராசரி மனிதர் தன் வீட்டைச் சுற்றி எவ்வளவு நெருக்கத்தைக் காண்கிறார் என்பது. 2010 கணக்கெடுப்பை வைத்து அமெரிக்க அரசே அப்படி ஒருமுறை கணக்கிட்டது. நியூயார்க் வட்டாரத்துக்குச் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 12,000 பேர் என்றும், லாஸ் ஏஞ்சலஸுக்குச் சுமார் 4,700 பேர் என்றும் வந்தது. கண்ணால் பார்த்தவர்களுக்குத் தெரிந்த உண்மை அப்போதுதான் எண்ணிலும் வந்தது.

"நகர்ப்புறம்" என்ற அரசாங்க முத்திரையையும் பொருட்படுத்த வேண்டாம். 5,000 பேரோ 2,000 வீடுகளோ சேர்ந்து இருந்தால் அமெரிக்கக் கணக்கெடுப்பு அதை நகர்ப்புறம் என்றே எழுதுகிறது. அந்தக் கணக்கில்தான் அமெரிக்கர்களில் 80 சதவீதம் பேர் நகரவாசிகள். பால் வாங்கக் காரை எடுக்க வேண்டிய கோடிக்கணக்கானவர்கள் அதில் அடக்கம்.

சரி, காலுக்குத் தெரிகிற நகரம் எப்படி இருக்கும்? உயரமான கட்டடங்களை வைத்து முடிவு கட்டாதீர்கள். வாஷிங்டனில் 1910ஆம் ஆண்டுச் சட்டத்தால் வானளாவிய கட்டடமே இல்லை. ஆனாலும் நடந்து வாழ ஏற்ற ஊர்களில் அது முன்னணியில் நிற்கிறது. ஹூஸ்டன் டவுன்டவுனில், அதாவது நகர மையத்தில், கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட நடைபாதையில் கூட்டம் தெரியாது. அலுவலகக்காரர்கள் பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் ஏ.சி. சுரங்கப்பாதைகளுக்குள், அங்கேயே இருக்கும் உணவுக்கடைகளில் இருப்பார்கள். மாலையிலும் வார இறுதியிலும் அவற்றில் பெரும்பாலானவை மூடியிருக்கும்.

ஃபிலடெல்ஃபியாவின் நெருக்கம் கோபுரத்தில் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய இரண்டு, மூன்று மாடி வீடுகள், படியிறங்கினால் நடைபாதை. அந்த ஊரில் பாதிக்கும் மேல் இப்படிப்பட்ட வீடுகள்தான். பல தெருக்கள் ஒரு வண்டி போகிற அகலமே. முனையில் ஒரு கடை. ஊரில் பத்தில் மூன்று வீடுகளில் காரே கிடையாது. காரில்லாதவர்கள் இவ்வளவு பேர் இருந்தால் கடையும் பஸ்ஸும் அவர்களைத் தேடி வந்துதான் ஆக வேண்டும். ஹூஸ்டனில் அப்படிப்பட்ட வீடுகள் பத்தில் ஒன்றுகூடத் தேறாது.

பார்க்கிங் விதியைச் சொல்லாமல் விட முடியாது. ஹூஸ்டனின் பெரும்பகுதியில் 1,000 சதுர அடியில் ஒருவர் உணவகம் வைத்தால் எட்டு கார்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். ஒரு கார் நிற்கவும் திரும்பவும் சுமார் 300 சதுர அடி. ஆக, சாப்பிடும் இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தார்த்தரை. ஒவ்வொரு கடைக்கும் இப்படி என்றால் அடுத்த கடை எங்கே இருக்கும்? நடக்க முடியாத ஊரைச் சட்டம் போட்டுக் கட்டிவிட்டு, "இங்கே யாரும் நடக்க விரும்புவதில்லை" என்று சொல்கிறார்கள். 2019இல் டவுன்டவுனை ஒட்டிய மிட்டவுன் போன்ற ஒன்றிரண்டு பகுதிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். இத்தனை ஆண்டு கட்டியது கட்டியதுதான்.

ஆட்கள் இருந்தாலே போதும் என்றும் நினைக்காதீர்கள். ஹூஸ்டனின் தென்மேற்கில் கல்ஃப்டன் என்ற பகுதி இருக்கிறது. அந்த ஊரிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் இடங்களில் ஒன்று. இந்தியக் கடைகள் நிறைந்த ஹில்கிராஃப்ட் சாலையும் அருகில்தான். ஆனால் வேலி போட்ட பெரிய பெரிய குடியிருப்புகள், நடுவே அகலமான வேகச் சாலைகள். பக்கத்து வளாகத்துக்குப் போகவே சிக்னல் வரை சுற்றி நடக்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு வீடு காட்டுகிறவர். டெக்சஸில் இவர்கள் வாடகைக்கு வருபவரிடம் பணம் வாங்குவதில்லை. "இலவச சேவை" என்பார்கள். கமிஷனைக் குடியிருப்பு நிர்வாகம் கொடுக்கும். கமிஷன் தராத வீட்டை அவர் ஏன் காட்டப் போகிறார்? ஆறு வீடு இருக்கும் பழைய கட்டடமோ, வீட்டின் பின்புறத்தில் வாடகைக்கு விடும் சின்ன வீடோ, நடந்து வாழ மிக ஏற்றதாக இருந்தாலும் அவர் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. இந்த வேலைக்கு மாநில ரியல் எஸ்டேட் ஆணையத்தின் உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அவர்கள் மொழியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "டவுன்டவுனிலிருந்து பத்து நிமிடம்" என்றால் காரில், நெரிசல் இல்லாத நேரத்தில். "கடைகள் நடக்கும் தூரத்தில்" என்றால் வரைபடத்தில் 400 மீட்டர். நடுவே எட்டு வரிசைச் சாலை இருக்கலாம். "பஸ் நிறுத்தம் வாசலிலேயே" என்றால் நிறுத்தம் இருக்கும். பஸ் மணிக்கு ஒன்று வரலாம். "டவுன் சென்டர்" என்ற பெயரில் புறநகரில் கட்டியிருப்பவற்றில் பல, நாலு தெரு அளவுக்கு அழகாக இருந்து, ஐந்தாவது தெருவில் நெடுஞ்சாலையில் முடிபவை. வீட்டின் சரியான முகவரி இல்லாமல் எந்தப் பேச்சும் வேண்டாம்.

முகவரி கிடைத்ததும் வரைபடச் செயலியில் தெருப்படத்தைத் திறந்து வாசலிலிருந்து நாலு பக்கமும் "நடந்து" பாருங்கள். நடைபாதை பாதியில் அறுந்துபோகிறதா? கடை வாசல் தெருவைப் பார்த்திருக்கிறதா, பார்க்கிங்கைப் பார்த்திருக்கிறதா? தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தச் சாலையைக் கடப்பீர்களா? பிறகு பஸ் வழியைத் தேடுங்கள்: புதன் காலை எட்டரைக்கு ஒருமுறை, ஞாயிறு மாலை ஐந்துக்கு ஒருமுறை. காத்திருப்பு கால் மணிக்கு மேல் போனால் அந்த பஸ்ஸை நம்பி வீடு எடுக்காதீர்கள். அரை மணி நேரத்தில் முடிகிற இந்த வேலை எந்தத் தரவரிசையைவிடவும் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

இனி அலுவலகம். நிறுவனங்கள் "ஃபிலடெல்ஃபியா" என்று சொல்லும்போது முழு வட்டாரத்தையும் அந்தப் பெயரால் சொல்கின்றன. அலுவலகம் கிங் ஆஃப் பிரஷ்யாவில் இருக்கலாம். நகருக்கு வடமேற்கே பெரிய வணிக வளாகமும் நெடுஞ்சாலைகளும் கூடும் இடம் அது. அங்கே ரயில் போட வேண்டும் என்று பல ஆண்டு பேசி, திட்டம் தீட்டி, 2023இல் கைவிட்டார்கள். அப்படியானால் கணவருக்காவது கார் வேண்டும். நகராட்சி எல்லைக்குள் வீடு என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. 1854இல் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) முழுவதையும் நகரத்தோடு இணைத்தார்கள். ஆகவே வடகிழக்கு மூலையில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் காரை நம்பிக் கட்டிய பகுதிகளுக்கும் முகவரி ஃபிலடெல்ஃபியாதான். உங்களுக்கு அது வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மேற்கு எல்லைக்கு வெளியே அப்பர் டார்பி என்ற ஊர் இருக்கிறது. சட்டப்படி புறநகர், நகரப் பட்டியல் எதிலும் வராது. ஆனால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 4,200 பேர். ஃபிலடெல்ஃபியாவுக்கு ஏறக்குறைய இணை. காரணம் ரயில். 1907இல் மேம்பால ரயில் 69ஆம் தெரு வரை வந்தது. காரில்லாத காலத்தில் மக்கள் நிலையத்துக்கு நடந்து போக வேண்டியிருந்ததால் வீடும் கடையும் அதை ஒட்டியே எழுந்தன. அந்தத் தெருக்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. சுமார் இருபது நிமிடத்தில் நகர மையம்; அதே நிலையத்திலிருந்து மீடியா, ஷாரன் ஹில் பக்கம் டிராம்கள்; தெற்காசியக் குடும்பங்களும் கடைகளும் உண்டு. எல்லைக்கோட்டை நம்பித் தேடுகிறவர் இந்த இடத்தைத் தவறவிட்டு, கோட்டுக்கு உள்ளே நடக்க முடியாத வீட்டை எடுத்துவிடுவார். அதே அப்பர் டார்பியிலும் நிலையத்தை ஒட்டிய கிழக்குப் பக்கம்தான் நான் சொல்வது; மேற்கே ட்ரெக்செல் ஹில்லில் புல்வெளியும் கார் கொட்டகையும் தொடங்கிவிடும். கணவரின் வேலை நகர மையத்தில் என்றால், தெற்கு ஃபிலடெல்ஃபியாவையும் இந்த 69ஆம் தெருப் பக்கத்தையும் முதலில் பாருங்கள்.

வேறு வழியின்றி ஹூஸ்டன்தான் என்றால், 2004இல் ஓடத் தொடங்கிய சிவப்புத் தட ரயிலை ஒட்டி மட்டும் தேடுங்கள்: மிட்டவுன், மியூசியம் டிஸ்ட்ரிக்ட், மருத்துவமனைகள் உள்ள பகுதி. ஹெர்மன் பூங்கா மகனுக்கு நடக்கிற தூரத்தில் கிடைக்கும். மீனாட்சி கோயில் பேர்லண்டில் இருக்கிறது. அதற்கு யாராவது காரில் அழைத்துப் போக வேண்டும். நீங்களும் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் குழந்தையோடு பஸ்ஸுக்குக் காத்திருப்பது நடக்கிற காரியமில்லை.

எந்த ஊரானாலும் கோவையிலிருந்தபடியே ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் மாதத்துக்குத் தற்காலிகத் தங்குமிடம் தரும்படி கணவர் நிறுவனத்திடம் கேட்கட்டும். பல நிறுவனங்கள் கேட்டால் தருகின்றன, கேட்காதவர்களுக்குத் தாமாகச் சொல்வதில்லை. அந்த மாதத்தில், பிடித்த வீட்டிலிருந்து மளிகைக் கடைக்கும் பூங்காவுக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு மாலை நடந்து வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.