மாயா தொல்லியல் படிக்க ஒரு கோடிக் கடன் வேண்டாம்

பிளஸ் டூ படிக்கும் மகள், மெக்சிகோ, குவாத்தமாலா பக்கம் பழங்காலத்தில் நகரங்கள் கட்டிய மாயா மக்களைப் பற்றிய தொல்லியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை என்று நாமக்கல்லில் இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அம்மா, மகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. உறவினர்கள் போட்டுக் கொடுத்திருக்கும் இரண்டு திட்டங்கள்தான் பயமுறுத்துகின்றன. ஒன்று, மாமா சொல்வது: மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ். இன்னொன்று, சித்தப்பாவுக்குத் தெரிந்த ஏஜென்ட் சொல்வது: வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி, லண்டனில் தொல்லியல் இளங்கலை. மாமாவாவது பிள்ளையின் ஆசையோடு நிறுத்திக்கொள்கிறார். ஏஜென்ட் வீட்டையும் சேர்த்துக் கேட்கிறார்.

முதலில் மகளின் ஆசை நிஜமா என்று பார்ப்போம். 2012-இல் உலகம் அழியும் என்ற கதையைக் கேட்டு மாயா மேல் ஆசைப்படுகிற பிள்ளைகள் உண்டு. உங்கள் மகள் அந்த ரகம் இல்லை. டிக்கால் என்ற பழைய மாயா நகரத்தில் மழைநீரை எங்கெங்கே தேக்கினார்கள் என்று வரைபடம் போட்டு வைத்திருக்கிறாள், பிறந்தநாளைப் புள்ளியும் கோடுமாக மாயா எண்ணில் எழுதி ஒட்டியிருக்கிறாள் என்று நீங்கள்தான் குறைபட்டுக்கொள்கிறீர்கள். புள்ளி ஒன்று, கோடு ஐந்து, சிப்பி பூஜ்யம், இருபது இருபதாக ஏறும் கணக்கு அது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதில் போய் உட்காருகிற பிள்ளையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

அதற்காக லண்டனுக்கு அனுப்பச் சொல்லவில்லை. மூன்று வருடக் கட்டணமும் வாடகையும் சாப்பாடும் சேர்ந்தால் ஒரு கோடியைத் தாண்டிவிடும். இளங்கலைத் தொல்லியல் பட்டத்தை வைத்து அந்தக் கடனை அடைக்கும் சம்பளம் கிடைக்காது. கூடாது, அவ்வளவுதான். இந்தத் துறையில் காசு செலவழித்துப் படிக்க வேண்டிய கட்டம் இளங்கலை இல்லை. அமெரிக்காவில் மாயா தொல்லியல் பெரும்பாலும் மானுடவியல் துறைக்குள்தான் இருக்கிறது. அங்கே நல்ல பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்கு எடுத்தால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதச் செலவுக்கும் அவர்களே தருவார்கள். அதுவரை இங்கே குறைந்த செலவில் எதைப் படிப்பது என்பதுதான் கேள்வி.

வரலாறு பி.ஏ., ஐ.ஏ.எஸ். வழியெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். யாரும் உங்களிடம் சொல்லாதது புவித்தகவலியல், அதாவது ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ். நிலத்தை அளந்து கணினியில் வரைபடமாக்கும் படிப்பு. கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. இருக்கிறது. அரசுக் கட்டணம்தான். இதற்கும் மாயாவுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள்.

மாயா நகரங்கள் மழைக்காட்டுக்கு அடியில் கிடக்கின்றன. மெக்சிகோவுக்குப் பக்கத்து நாடான பெலீசில் கராகோல் என்ற நகரத்தை சேஸ் என்ற தொல்லியலாளர் தம்பதி இருபத்தைந்து வருடம் காட்டை வெட்டி வழி செய்து நடந்தே அளந்தார்கள். வரைபடத்தில் ஏறியது சுமார் 23 சதுர கி.மீ. 2009-இல் விமானத்தில் இருந்து லைடார் என்ற லேசர் கருவியால் அளந்தபோது, சில நாட்களிலேயே 200 சதுர கி.மீ. கிடைத்தது. லேசர் ஒளியில் பெரும்பகுதி இலையில் பட்டுத் திரும்பிவிடும். இடுக்கு வழியாகக் கொஞ்சம் தரையைத் தொடும். தரையைத் தொட்ட புள்ளிகளை மட்டும் பிரித்தெடுத்தால் மரமே இல்லாத நிலம் திரையில் வருகிறது. மேடை, படிக்கட்டு வயல், நீர்த்தேக்கம், உயர்த்திப் போட்ட சாலை எல்லாம் தெரியும். குவாத்தமாலாவின் பெத்தேன் பகுதியில் இப்படி அளந்த சுமார் 2,100 சதுர கி.மீ.யில் 61,000-க்கும் மேற்பட்ட கட்டுமானங்கள் இருப்பதாக 2018-இல் வெளியிட்டார்கள்.

மெக்சிகோவின் தபாஸ்கோ மாநிலத்தில் அகுவாடா ஃபெனிக்ஸ் என்று ஒரு மேடை இருக்கிறது. 1,400 மீட்டர் நீளம், கி.மு. 1000-க்கும் 800-க்கும் இடையில் கட்டியது. அவ்வளவு பெரிதாக இருப்பதாலேயே பக்கத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு அது சாதாரண நிலம். மெக்சிகோ அரசு எடுத்து வைத்திருந்த லைடார் படம்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. அதே நாட்டின் கம்பேச்சே மாநிலத்தில் வலேரியானா நகரம் இன்னும் சுவாரசியம். காட்டில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று கணக்கிட 2013-இல் யாரோ எடுத்த லைடார் தரவு இணையத்தில் சும்மா கிடந்தது. லூக் ஆல்ட்-தாமஸ் என்ற ஆய்வு மாணவர் அதைத் தேடி எடுத்து, தொல்லியல் கண்ணோடு பார்த்தார். 2024-இல் வெளியான ஆய்வில், அந்த நகரமும் சுற்றுவட்டாரமும் சேர்த்து 6,500-க்கும் மேற்பட்ட கட்டுமானங்கள்! அந்தத் தரவைத் திறக்கவும் புள்ளிகளைப் பிரிக்கவும் தெரிந்த தொல்லியல்காரர்கள் குறைவு. உங்கள் மகள் அந்த இடத்தில்தான் போய் நிற்க வேண்டும்.

இதில் சம்பளத்துக்கும் பதில் இருக்கிறது. உலகம் முழுக்கவே மாயா தொல்லியலில் நிரந்தரப் பேராசிரியர் பணி சொற்பம், முனைவர் பட்டம் வாங்கியவர்களிலும் பலருக்குக் கிடைப்பதில்லை. மெக்சிகோவில் தோண்ட வேண்டுமானால் அந்நாட்டு மானுடவியல், வரலாற்று நிறுவனத்தின் அனுமதி வேண்டும், வெளிநாட்டவர் நினைத்த இடத்தில் கடப்பாரை போட முடியாது. இதை மகளிடம் மறைக்காதீர்கள். ஆனால் நில அளவை, ட்ரோன் வரைபடம், மெட்ரோ திட்டம், ஐதராபாத் தேசிய தொலையுணர்வு மையம் என்று புவித்தகவலியல் படித்தவருக்கு இங்கேயே போக இடம் இருக்கிறது. ஆசை பலிக்காவிட்டாலும் பிள்ளை நடுத்தெருவில் நிற்க மாட்டாள்.

பட்டம் முடித்ததும் தொல்லியல் முறையாகப் படிக்கப் புனே டெக்கான் கல்லூரி எம்.ஏ. இருக்கிறது. ஆனால் ஸ்பானிஷுக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது, முதல் வருடமே தொடங்க வேண்டும். அது இல்லாமல் குவாத்தமாலாவிலோ மெக்சிகோவிலோ களத்தில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. இன்னொன்றும் சொல்லி வையுங்கள். மாயா மக்கள் மறைந்துபோன இனம் என்று முனைவர் பட்ட விண்ணப்பத்தில் எழுதினால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டிவிடுவார்கள். லட்சக்கணக்கானவர்கள் இன்றும் கிச்சே, யுகடெக் போன்ற மாயா மொழிகளைப் பேசிக்கொண்டு அங்கேதான் வாழ்கிறார்கள்.

"கீழடி இருக்கும்போது மாயா எதற்கு" என்று கேட்ட மாமாவுக்கு ஒரு தகவல். மாயா எழுத்தை ஒலியாகப் படிக்க 1952-இல் வழி காட்டியவர் சோவியத் அறிஞர் யூரி க்னோரோசோவ். மாயா நாட்டை மிதிக்காமல் லெனின்கிராடில் உட்கார்ந்தே செய்தார். சிந்துவெளி எழுத்தின் மொழி திராவிடமாக இருக்கலாம் என்று 1960-களில் சொன்ன சோவியத் குழுவும் அவருடையதுதான். ஒன்றைப் படித்தால் இன்னொன்றின் கதவு சாத்திக்கொள்வதில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பொதுத்தேர்வு வரை கணக்கையும் இயற்பியலையும் வேதியியலையும் விடக் கூடாது, கட்-ஆஃப் அதில்தான். தேர்வு முடிந்ததும் க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளைக் கணினியில் போட்டுக் கொடுங்கள். டேராடூன் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையத்தில் இலவச வகுப்புகள் நடத்துகிறது, அதில் சேரட்டும். இரண்டு மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இது எனக்குப் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால் அதையும் கேளுங்கள், நான் சொன்னேன் என்பதற்காகத் திணிக்காதீர்கள். பிடித்திருந்தால் கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் கிண்டிப் புவித்தகவலியலைக் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கீழே தள்ளாமல் முதலில் போடுங்கள். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு மாமா ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டாரா என்று இன்றைக்கே கேளுங்கள். கொடுத்திருந்தால் ரசீதோடு போய்த் திருப்பி வாங்குங்கள்.