அந்தப் புல்தரை யாருக்கு?

கேள்வி: எங்கள் அறக்கட்டளைக்குத் திண்டுக்கல் பக்கம் 2 ஏக்கர் நிலம் இருக்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவருபவர்களுக்காக 20 படுக்கைகளோடு ஒரு மறுவாழ்வு இல்லம் கட்டப்போகிறோம். இயற்கையோடு ஒட்டி இருக்க வேண்டும் என்று ஆசை. வரைபடத்தில் முன்பக்கம் புல்தரை, நீரூற்று, கீற்றுக் குடில் வந்திருக்கின்றன. இது போதுமா?

பதில்: வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விடிகாலை 5 மணிக்கு விழிப்பு வந்து, அப்புறம் தூக்கம் பிடிக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர், யாரிடமும் சாவி கேட்காமல் மரத்தடிக்குப் போக முடியுமா? முன்பக்கத் தோட்டம் என்றால் முடியாது. பக்கத்திலேயே கேட், தாண்டினால் ரோடு. ஆள் வெளியே போய்விடுவாரோ என்று ஊழியர்கள் கதவைப் பூட்டத்தான் செய்வார்கள். இரவில் இரண்டே பேரை வைத்துக்கொண்டு அவர்களும் வேறென்ன செய்வார்கள்? கடைசியில் அந்தப் புல்தரை, பார்க்க வருகிறவர்கள் போட்டோ எடுக்க மட்டும் ஆகும்.

தோட்டத்தைக் கட்டடத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நம் பழைய முற்றத்து வீடு மாதிரிதான். சுற்றிலும் தாழ்வாரம், அதை ஒட்டி அறைகள். கட்டடமே மதில் என்பதால் கதவைப் பகலெல்லாம் மட்டுமல்ல, இரவிலும் திறந்து வைக்கலாம். நர்ஸ் உட்காரும் இடத்திலிருந்து முற்றம் முழுவதும் தெரியட்டும். நடைபாதை முட்டுச்சந்தில் முடியாமல் சுற்றி வந்து சேரட்டும். சில மருந்துகளில் கால் ஓரிடத்தில் நிற்காது, நடந்துகொண்டே இருக்கச் சொல்லும். பெஞ்சுகளைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயத்தில் இருப்பவர் முதுகுப்பக்கம் திறந்த இடத்தில் உட்கார மாட்டார்.

சன்னலின் அடிச்சட்டம் தரையிலிருந்து 2 அடியில் இருந்தால் படுத்தபடியே மரம் தெரியும். ரோஜர் உல்ரிச் 1984-ல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படை: பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரில், சன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். அவர்கள் மனநோயாளிகள் அல்ல, ஆய்வும் சிறியது; இதைப் பிடித்துக்கொண்டு ‘மரம் மருந்து’ என்று போர்டு வைத்துவிடாதீர்கள். சன்னல் கம்பியைப் பொறுத்தவரை, 1796-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மனநோயாளிகளுக்காகத் தொடங்கிய ரிட்ரீட் இல்லத்தில் அப்போதே ஒரு வழி கண்டார்கள். தனியாகக் கம்பி போடாமல் சன்னல் சட்டத்தையே இரும்பில் செய்தார்கள். பார்த்தால் சாதாரண வீட்டுச் சன்னல்.

நிழலைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மனநோய் மருந்துகள் சில வியர்ப்பதைக் குறைத்து உடலின் சூட்டை ஏற்றிவிடும். லித்தியம் சாப்பிடுபவருக்கு உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தாகக் கூடும். குளோர்புரோமசின் எடுப்பவரின் தோல் கொஞ்ச வெயிலுக்கே கன்றிப்போகும். எனவே மே மாத மதியத்திலும் நிழல் இருக்கிற இடம்தான் உங்கள் கணக்கில் தோட்டம். புங்கன், வேம்பு, பூவரசு வையுங்கள். கீழ்க்கிளைகளைக் கவாத்து செய்துவிடுங்கள், ஏறவோ கயிறு மாட்டவோ வாகாக இருக்கக் கூடாது. உட்காரும் இடத்துக்கு எட்டும் தூரத்தில் குடிதண்ணீர்க் குழாய் கட்டாயம்.

நர்சரிக்காரர் முதலில் நீட்டுவது அரளியாக இருக்கும். தண்ணீர் கேட்காது, வருஷமெல்லாம் பூக்கும். அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி, செங்காந்தள் எதுவும் வளாகத்துக்குள் வேண்டாம், வேலியோரம்கூட. எல்லாமே விஷம். செங்காந்தள் மாநில மலராயிற்றே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். மாநில மலராகவே இருக்கட்டும், இங்கே வேண்டாம். பூச்சிமருந்துக் குப்பியும் உள்ளே வரக் கூடாது. வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். பழைய கிணறு இருந்தால் கான்கிரீட் மூடி போடுங்கள்.

கீற்றுக் குடிலை எடுத்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கீற்றுக் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. கீற்றைப் பற்றி நாம்தான் யோசிக்க வேண்டும். ஓடு போடுங்கள்.

காய்கறிப் பாத்தியை இரண்டரை அடி உயரத்தில் கட்டுங்கள். குனிந்து நிமிர்ந்தால் தலைசுற்றும் மருந்துகள் இருக்கின்றன. முதலில் முளைக்கீரை போடலாம், நாலைந்து நாளில் முளைக்கும், மூன்று நான்கு வாரத்தில் பறித்துவிடலாம். எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பவரால் மாங்கன்று காய்க்கும்வரை காத்திருக்க முடியாது. ஆனால் யாரையும் வற்புறுத்தாதீர்கள். கட்டாய வேலை கூடாது, செய்த வேலைக்குத் தகுந்த கூலி தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. கீரையைச் சமையலறைக்கு அனுப்பினாலும் கணக்கு எழுதுங்கள். திறப்பதற்கு முன் மாநில மனநல ஆணையத்தில் பதிவும் வேண்டும்.

நீரூற்று ஆறு மாதத்தில் நின்று கொசுத் தொட்டியாகிவிடும். அந்தப் பணத்தை ஒரு முழுநேரத் தோட்டக்காரரின் முதல் வருடச் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள். அவரைக் கட்டடம் எழும்போதே சேர்த்துவிட்டால், முதல் ஆள் உள்ளே வருவதற்குள் புங்கன் தலைக்கு மேல் வளர்ந்திருக்கும்.