‘நார்த் ஆஃப் 40,000’ என்றால் இடமாற்றம் அல்ல

தங்கை, ராணிப்பேட்டை நிறுவனம் அனுப்பிய கடிதத்தில் சம்பளம் ‘நார்த் ஆஃப் 40,000’ என்று இருப்பதைப் பார்த்து, வடமாநிலத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை வேண்டாம். நாற்பதாயிரத்துக்கு மேல் என்பதே அதன் பொருள். வரைபடத்தில் வடக்கு மேலே இருப்பதை ஒட்டிய வழக்கு இது. அதனால்தான் ஒரு காரியம் கெட்டுப்போனால் ‘வென்ட் சவுத்’, அதாவது தெற்கே, கீழே போயிற்று என்கிறார்கள். ஆனால் எவ்வளவு மேல் என்று அந்தச் சொல் சொல்லாது. கையெழுத்திடும் முன் சரியான தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதில் கூச்சமே கூடாது.

இன்னொன்றும் பலரைத் தடுமாற வைக்கிறது. ‘இன் த நார்த் ஆஃப் வேலூர்’ என்றால் ஊருக்குள்ளேயே வடபகுதி. பாலாற்றுக்கு அக்கரையில் காட்பாடி இருக்கிறதே, அதுபோல. ‘டு த நார்த் ஆஃப் வேலூர்’ என்றால் ஊரைத் தாண்டி வடக்கே, சித்தூர்போல.

ஆங்கிலத்தில் ‘நார்த்’ என்ற சொல் வெறும் திசையைக் குறித்தால் முதலெழுத்து சிறியது. 1989இல் இரண்டாகப் பிரிந்த நம் பழைய வடஆற்காடு மாவட்டத்தை ஆங்கிலத்தில் எழுதினால், அது பெயர் என்பதால் முதலெழுத்து பெரியது. விண்ணப்பத்தில் பிறந்த மாவட்டம் எழுதும்போது இதை மறந்துவிடாதீர்கள்.