பழைய டீசல் கார் வாங்கும் முன்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 160,000 கி.மீ. ஓடிய டீசல் கார் ஒன்று விலைக்கு வருகிறது. சாலைத் தகுதிச் சான்றிதழ் இருக்கிறது என்கிறார்கள். அது போதுமா?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: போதாது. பெயர் மாற்றத்துக்குத் தேவையான அந்தச் சான்றிதழ், பிரேக், டயர், விளக்கு முதலியவற்றின் பாதுகாப்பைச் சொல்லுமே தவிர, எஞ்சினின் ஆயுளைச் சொல்லாது. இரவு முழுவதும் நின்று குளிர்ந்த எஞ்சினை உங்கள் எதிரிலேயே இயக்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் குறைகள் மறைந்திருக்கலாம்; அப்போது மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுவதே நல்லது. விடாத நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாயின் மேல் சும்மா வைத்துப் பாருங்கள். அது துள்ளி விழுந்தால் எரிவாயு கீழே கசியாமல் தடுக்கும் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும். எண்ணெய் கறுத்திருப்பது டீசலில் இயல்பே. புகைத்துகள் வடிகட்டி உள்ள கார், நகருக்குள் குறுந்தூரம் மட்டுமே ஓடியிருந்தாலோ, கந்தகம் அதிகமுள்ள 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) டீசலில் ஓடியிருந்தாலோ, வடிகட்டி அடைபட்டிருக்க வாய்ப்புண்டு. அதை மாற்றும் செலவை விலையில் கழித்தே பேசுங்கள்.