ரீடு நகர்கிறது என்பதற்காக 9,500 ரூபாய் லிகேச்சர் வேண்டுமா?

கேள்வி: என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். எங்கள் ஊர் ஆலய பேண்டில் ஒரு வருடமாகக் கிளாரினெட் வாசிக்கிறான். பவனியில் நடந்துகொண்டே வாசிக்கும்போது ரீடு (ஊதும்போது அதிரும் நாணல் சில்லு) பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. மேல் ஸ்தாயியில் கீச்சென்ற சத்தமும் வருகிறது. தங்க முலாம் பூசிய வெளிநாட்டு லிகேச்சர் (ரீடைப் பிடிக்கும் வளையம்) போட்டால் இரண்டும் சரியாகும், தொனியும் கூடும் என்று பேண்டு மாஸ்டர் ஒரு கடையைக் காட்டினார். விலை 9,500 ரூபாய். வாங்கலாமா? — தூத்துக்குடி மாவட்ட வாசகி

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ரீடு நகர்வதற்கு லிகேச்சர் காரணமாக இருக்கலாம். கீச்சுச் சத்தத்துக்கு அது காரணமாக இருப்பது அபூர்வம். இரண்டையும் ஒரே பொருளின் தலையில் கட்டினால்தான் 9,500 ரூபாய்க்கு நியாயம் சொல்ல முடியும் என்பது விற்பவருக்குத் தெரியும்.

லிகேச்சரின் வேலை சின்னது. வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸில் ரீடு உட்காரும் தட்டையான பரப்பு ஒன்று இருக்கிறது. ரீடின் பட்டை (சீவாத மேல்தோல்) உள்ள அடிப்பாகத்தை அந்தப் பரப்பில் அசையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். சீவிய மேல்பாகத்தை அதிர விட வேண்டும். அவ்வளவுதான். ஜெர்மன் நாட்டுக் கலைஞர்கள் பலர் இன்றும் வெறும் கயிற்றால் ரீடைக் கட்டி உலகத்தரமான சிம்பொனிகளில் வாசிக்கிறார்கள்.

முதலில் செலவில்லாத ஒரு சோதனை. லிகேச்சரைக் கழற்றிவிடுங்கள். மகன் வலக்கையால் கருவியைத் தாங்கிக்கொண்டு, இடது கட்டைவிரலால் ரீடின் பட்டைப் பகுதியை மவுத்பீஸோடு அழுத்திப் பிடித்து, எந்த ஓட்டையையும் மூடாமல் திறந்த ஜி ஸ்வரத்தை ஊதட்டும். மேல் ஸ்தாயிக்கு அவன் இடக்கை தேவைப்படும். அப்போது நீங்கள் பக்கத்தில் நின்று அந்த இடத்தை உங்கள் கட்டைவிரலால் அழுத்துங்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும், பரவாயில்லை. விரல் பிடித்திருக்கும்போது கீச்சு நின்றுவிட்டால் லிகேச்சர்தான் குற்றவாளி. அப்போதும் கீச்சிட்டால் எத்தனை ஆயிரத்துக்கு லிகேச்சர் வாங்கினாலும் அந்தச் சத்தம் போகாது.

ஒரு வருடம் கற்ற பையனுக்கு மேல் ஸ்தாயியில் கீச்சு வருவதன் காரணங்கள் பெரும்பாலும் விரலிலும் பேடிலும் (சாவியின் அடியில் ஓட்டையை மூடும் மெத்தை) இருக்கும். மோதிர விரல் ஓட்டையை முழுதாக மூடாமல் ஒரு நூலிழை இடைவெளி விட்டாலே ஸ்வரம் எகிறும். நடக்கும்போது கை ஆடுவதால் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டு பக்கத்துச் சாவியைத் தட்டிவிடும். ரீடின் நுனி சிறிது உடைந்திருக்கும். வெயிலில் கிடந்த கருவியில் பேடு காய்ந்து சுருங்கியிருக்கும். கருவியின் மேல் பாகத்தை மட்டும் தனியே எடுத்து, இடக்கை விரல்களால் ஓட்டைகளை மூடி, கீழ் வாயை வலது உள்ளங்கையால் அடைத்து, மேலிருந்து காற்றை உறிஞ்சச் சொல்லுங்கள். உறிஞ்சிய பிடிப்பு மூன்று நான்கு விநாடி நிற்க வேண்டும். உடனே விட்டுவிட்டால் எங்கோ காற்று கசிகிறது. பேடு மாற்றுபவரைப் பாருங்கள்.

மவுத்பீஸையும் ரீடையும் இதேபோலச் சோதிக்கலாம். ரீடைக் கட்டி, மவுத்பீஸின் அடி வாயை உள்ளங்கையால் மூடி, காற்றை உறிஞ்சி, வாயை எடுக்க வேண்டும். ரீடு ஒரு நொடியாவது ஒட்டி நின்று ‘டப்’ என்று விடுபட்டால் நல்லது. ஒட்டவே இல்லை என்றால் வேறொரு புது ரீடில் செய்து பாருங்கள். அதுவும் ஒட்டவில்லை என்றால் மவுத்பீஸின் பரப்பே கோணியிருக்கிறது. கோணிய மவுத்பீஸில் தங்க லிகேச்சர் மாட்டுவது வீண்.

இனி நகரும் ரீடு. இப்போதிருக்கும் லிகேச்சரை மாட்டி, திருகுகளை விரலால் இறுக்கியபின், திருகு நுழையும் இரண்டு காதுகளையும் பாருங்கள். காதுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் லிகேச்சர் பெரிது. அதற்கு மேல் திருகு எவ்வளவு சுற்றினாலும் ரீடு இறுகாது. காதுகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். அது இருந்தும் ரீடு நகர்ந்தால் தகடு வளைந்திருக்கிறதா, திருகின் மரை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். திருகு இறுகுவது போல வந்து திடீரென்று வழுக்கினால் மரை போய்விட்டது.

அளவு சரியாக இருந்தும் நகர்கிறது என்றால் மாட்டும் முறை தவறு. இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்குத் தீராத எரிச்சல். பாட்டுப் புத்தகத்தை முதல் நாளே கையில் கொடுப்பவர்கள், ரீடு கட்ட ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை. முதலில் ரீடை ஓரிரு நிமிடம் தண்ணீரில் நனைக்க வேண்டும். லிகேச்சரை மவுத்பீஸில் தளர்வாக மாட்டிவிட்டு, மேலிருந்து ரீடை உள்ளே இறக்க வேண்டும். ரீடை வைத்துவிட்டு லிகேச்சரை மேலே கவிழ்த்தால் நுனி உடையும். ரீடின் நுனியும் மவுத்பீஸின் நுனியும் சமமாக வர வேண்டும். மவுத்பீஸின் கறுப்பு விளிம்பு மயிரிழை தெரிந்தால் போதும். பல மவுத்பீஸ்களில் இரண்டு கோடுகள் செதுக்கியிருக்கும். லிகேச்சர் அவற்றுக்கு நடுவே உட்கார வேண்டும். கோடு இல்லையென்றால் ரீடின் பட்டை முடியும் இடத்துக்குச் சில மில்லிமீட்டர் கீழே லிகேச்சரின் மேல்விளிம்பு நிற்கட்டும். சாதாரண இரண்டு திருகு லிகேச்சரில் திருகுகள் ரீடு இருக்கும் பக்கம், வாசிப்பவரின் வலக்கைப் பக்கமாகத் தலை வைத்திருக்க வேண்டும். கீழ்த் திருகை விரலுக்கு இறுக்கமாக, மேல் திருகை அதைவிடச் சற்று இளக்கமாக. பிளையர் தொடவே கூடாது. அதிகம் முறுக்கினால் ரீடு வளைந்து அதிர்வு செத்துவிடும். அப்புறம் தொனி கட்டையாகிவிட்டது என்று இன்னும் கனமான ரீடு வாங்கச் சொல்வார்கள்.

இவ்வளவும் செய்தும் நகர்ந்தால், மாற்றத்தான் வேண்டும். நடந்து வாசிக்கும் பையனுக்கு நான் சொல்வது துணி அல்லது தோல் பட்டையில் ஒற்றைத் திருகு வைத்த வகை. ரோவ்னர், பிஜி போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. பட்டை ரீடைச் சுற்றிலும் பற்றிக்கொள்வதால் குலுக்கலில் எளிதில் நழுவாது. கீழே விழுந்தால் நசுங்காது. ஒரே திருகு என்பதால் வரிசையில் நிற்கும்போதே சரிசெய்யலாம். தொனி சற்று மென்மையாகும். சிலருக்கு ஸ்வரத்தின் தொடக்கம் உலோக லிகேச்சர் அளவுக்குக் கூர்மையாக இல்லை என்று தோன்றும். தெருவில் டிரம் அடிக்கும் இடத்தில் அந்த வித்தியாசத்தை யாரும் கேட்கப் போவதில்லை. உங்களிடம் சொன்ன 9,500-ல் பாதிக்கும் குறைவாகவே இது முடிந்துவிடும்.

திருகு மேல்பக்கம் வைத்து, இரண்டு தண்டவாளம் போன்ற விளிம்புகளால் ரீடைத் தொடும் தலைகீழ் வகையும் உண்டு. அமெரிக்க கிளாரினெட் கலைஞர் டேனியல் பொனாடின் பெயரால் அது அறியப்படுகிறது. நல்ல பொருள்தான். ஆனால் பேண்டில் பாதிப்பேர் அதைச் சாதாரண லிகேச்சர் போல நினைத்துத் திருப்பி மாட்டிவிட்டு ‘பிடிக்கவில்லை’ என்பார்கள். வாண்டோரன் நிறுவனத்தின் ஆப்டிமம் லிகேச்சர் மூன்று அழுத்தத் தகடுகளோடு வருகிறது. மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கும் பொறுமை உள்ளவர்களுக்கு அது. உங்கள் மகனுக்கு இப்போது வேண்டாம்.

தங்க முலாம் பற்றி: முலாம் என்பது தகட்டின் மேல் மிக மெல்லிய பூச்சு. பச்சைக் களிம்பு ஏறாமல் காக்கும், பார்க்க அழகாக இருக்கும். ஊதுபவருக்கு உதட்டில் ஏதோ வித்தியாசம் தெரியலாம், அதை நான் மறுக்கவில்லை. முதுகைத் திருப்பி உட்கார்ந்து கேட்பவருக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். அதே பணத்தில் நல்ல மவுத்பீஸ் ஒன்றும் ஒரு பெட்டி ரீடும் வாங்கினால் தொனியில் வரும் மாற்றம் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியும்.

இப்போது அந்தக் கடை. மாஸ்டர் ஒரே ஒரு கடையின் பெயரை மட்டும் சொன்னால், ‘வேறு எங்கும் கிடைக்காது’ என்றும் சேர்த்துச் சொன்னால், கமிஷன் இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். எல்லா மாஸ்டரும் அப்படி இல்லை. ஆனால் பில் இல்லாமல் கையில் கொடுக்கும் பொருளுக்கு அவரும் பொறுப்பேற்க மாட்டார், கடையும் ஏற்காது. பெட்டியில் பிரெஞ்சுப் பெயர் அச்சிட்டிருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள்; பெயர் பெற்ற தயாரிப்புகளுக்குப் போலிகள் உண்டு. இணையத்தில் ‘எல்லா மவுத்பீஸுக்கும் பொருந்தும்’ என்று விற்பதைத் தொடவே வேண்டாம். ஆல்ட்டோ சாக்ஸபோன் மவுத்பீஸும் பி-பிளாட் கிளாரினெட் மவுத்பீஸும் ஒரே பருமன் அல்ல. இரண்டுக்கும் பொருந்துவது இரண்டிலும் ஒழுங்காக உட்காராது.

மகனையும் மவுத்பீஸையும் ரீடையும் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். ஊரில் கடை இல்லாமல் தபாலில் வாங்குவதானால், ரீடு வைத்த நிலையில் மவுத்பீஸை அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே நூலால் ஒரு சுற்றுச் சுற்றி, நூலின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து, மவுத்பீஸின் பெயரோடு எழுதி அனுப்புங்கள். மூடியை மறக்காதீர்கள். உலோக லிகேச்சருக்கு வந்த மூடி தடித்த துணி லிகேச்சரின் மேல் ஏறாது. மூடியோடு சேர்த்து விற்பதைத்தான் வாங்க வேண்டும். பவனியில் மூடியில்லாத மவுத்பீஸ் ஒரு சட்டைப் பொத்தானில் உரசினால் ரீடு போச்சு.

இதெல்லாம் தனிப்பட்டவர் தவறு மட்டும் அல்ல. பள்ளியும் சபைக் கமிட்டியும் பேண்டு கருவி வாங்கும்போது மூன்று விலைப்புள்ளி கேட்டு, குறைந்ததை எடுக்கிறார்கள். மீரட்டிலிருந்தோ சீனாவிலிருந்தோ வரும் கருவி மோசம் என்று நான் சொல்லவில்லை. அந்த விலைக்குள் அடங்க முதலில் மெலிவது லிகேச்சர் தகடும் திருகும்தான். விலைப்புள்ளிப் பட்டியலில் ‘கிளாரினெட் – 6’ என்று இருக்கும். உதிரித் திருகு, உதிரி லிகேச்சர், மூடி என்று ஒரு வரி இருக்காது. ஆறு மாதத்தில் திருகு தொலைந்தால், ஒவ்வொரு தயாரிப்பாளரின் மரையும் வேறு வேறு என்பதால் கடையில் கிடைக்காது. கடைசியில் ஒரு பத்து ரூபாய்த் திருகுக்காகப் பிள்ளையின் வீட்டில் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். அடுத்த முறை கமிட்டி கூடும்போது உதிரிப் பாகங்களை எழுதிக் கேளுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கருவி எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. ஆலயங்களில் பழைய கருவிகள் தலைமுறையாக இருப்பது உண்டு. மவுத்பீஸின் உடலைச் சுற்றி நெருக்கமாக மெல்லிய வரிகள் செதுக்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். இருந்தால் அது கயிறு கட்டுவதற்காகச் செய்த ஜெர்மன் வகை. சாதாரண பி-பிளாட் கிளாரினெட் மவுத்பீஸைவிட அது மெலிந்தது. கடையில் தருகிற லிகேச்சர் தளர்ந்துதான் நிற்கும், காதுகள் தொட்டுவிடும். அதற்கு லிகேச்சரே வாங்காதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈவான் முல்லர் திருகு லிகேச்சரைக் கொண்டுவரும் வரை கிளாரினெட்டுக்குக் கயிறுதான்.

சுமார் இரண்டு மில்லிமீட்டர் தடிமனில், ஒன்றேகால் மீட்டர் நீளத்துக்குப் பின்னிய கயிறு எடுங்கள். உருண்டையான ஷூ லேஸ் கூடப் போதும். ரீடைச் சரியாக வைத்து இடது கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, கயிற்றின் ஒரு முனையை மவுத்பீஸின் பக்கவாட்டில் நீளவாக்கில் வைக்க வேண்டும். பட்டையின் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொடங்கி, அந்த முனையின் மேலேயே, சுற்றுக்குச் சுற்று இடைவெளி இல்லாமல் கீழ்நோக்கி ஒரு டஜன் சுற்று. மேல் மூன்று நான்கு சுற்று இளக்கமாக, கீழே வரவர இறுக்கமாக. கடைசி முனையைக் கடைசி இரண்டு சுற்றுக்குள் செருகி இழுக்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது, அவிழ்க்க வராது. முதலில் பத்து நிமிடம் ஆகும், பழகினால் ஒரு நிமிடம். சுற்று ரீடின் சீவிய பகுதிக்கு ஏறிவிட்டால் தொனி அடைக்கும். அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். வரிகள் இல்லாத வழுவழுப்பான மவுத்பீஸில் இதைப் பவனிக்கு நம்ப வேண்டாம்; உடல் நுனியை நோக்கிச் சிறுத்துப்போவதால் கயிறு மேலே வழுகும்.

துணியோ தோலோ உலோகமோ, வாசித்து முடித்ததும் திருகைத் தளர்த்தி ரீடை எடுத்துத் துடைத்துத் தட்டையான உறையில் வையுங்கள். வியர்வை ஊறிய பட்டையை நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் தோல் விறைக்கும். உலோகத் திருகின் மரையில் மாதம் ஒரு துளி சாவி எண்ணெய் விடச் சொல்லுங்கள்.