வேலை விளம்பரத்தில் எழுதாத எதிர்பார்ப்புகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: நான்கு ஆண்டுகளாக பில்லிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். இப்போது ஆபரேஷன்ஸ் கோஆர்டினேட்டர் வேலைகளுக்கு விண்ணப்பித்து வருகிறேன். விளம்பரத்தில் கேட்கும் படிப்பு, அனுபவம், எக்ஸெல் எல்லாம் இருந்தும் நேர்காணலுக்கு அழைப்பு வருவதில்லை. "விளம்பரத்தில் சொல்லாத சாஃப்ட் ஸ்கில்ஸ் (மென்திறன்கள்) நிறைய இருக்கும், அதைப் புரிந்துகொண்டு ரெஸ்யூமேயை மாற்று" என்கிறார் நண்பர். சொல்லாததை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நண்பர் சொன்னது சரி. ஆனால் இதைக் கேட்டதும் பலர் செய்வது, ரெஸ்யூமேயின் கடைசியில் "குழு மனப்பான்மை, சிறந்த தகவல் தொடர்பு, தலைமைப் பண்பு" என்று ஒரு வரியைச் சேர்ப்பதுதான். அதனால் பலன் கிடையாது. தேர்வு செய்பவரிடம் வந்து சேரும் ரெஸ்யூமேக்களில் பெரும்பாலானவற்றில் அதே வரி இருக்கிறது. அதை வைத்து ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துப் பார்க்க அவரால் முடியாது.

விளம்பரம் எழுதுபவர்களும் இதையேதான் செய்கிறார்கள். "நல்ல தகவல் தொடர்புத் திறன் அவசியம்" என்ற வரி பல சமயம் பழைய விளம்பரத்திலிருந்து அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும். அந்தப் பிரிவின் மேலாளர் உண்மையில் எதற்காகத் தவிக்கிறார் என்பது பொறுப்புகள் பகுதியில்தான் தெரியும். ஆகவே பண்புச் சொற்களைத் தேடாதீர்கள், வேலைகளைப் படியுங்கள். ஒவ்வொரு வேலையைப் பற்றியும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதைச் செய்யும்போது என் எதிரில் இருப்பது யார்? இந்த வேலை எந்த இடத்தில் கெட்டுப்போகும்?

நீங்கள் குறிப்பிட்ட வேலையையே எடுத்துக்கொள்வோம். கோஆர்டினேட்டர் விளம்பரங்களில் வழக்கமாக வரும் மாதிரி வரி ஒன்று: "மூன்று பிரிவுகளிலிருந்து வாராந்திர விவரங்களைத் திரட்டி, பிரிவுத் தலைவருக்கு அறிக்கை அளிக்க வேண்டும்." பார்த்தால் எக்ஸெல் வேலை போலத்தான் இருக்கிறது. எதிரில் யார் என்று கேட்டுப் பாருங்கள். அந்த மூன்று பிரிவிலும் ஒருவர்கூட உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் அல்ல. உங்கள் அறிக்கை அவர்களுடைய அவசரமும் அல்ல. சரி, எங்கே கெட்டுப்போகும்? ஒரு பிரிவு தாமதமாகத் தரும், இன்னொன்று பாதி விவரம் தரும், வியாழக்கிழமை போக வேண்டிய அறிக்கை திங்கட்கிழமை போகும். அப்படியானால் இந்த வரிக்குள் இருக்கும் எதிர்பார்ப்பு, அதிகாரம் இல்லாமலே அடுத்தவரிடம் வேலை வாங்கத் தெரிய வேண்டும் என்பது. அதையும் உறவு கெடாமல், வாரா வாரம் செய்ய வேண்டும். கடைசிப் பாதியையும் விடாதீர்கள். அறிக்கையைப் படிக்கப் போகிறவர் பிரிவுத் தலைவர். அவருக்கு முழு அட்டவணை தேவையில்லை, எதைக் கவனிக்க வேண்டும் என்ற இரண்டு வரி போதும். எதை மேலே வைப்பது, எதை விட்டுவிடுவது என்ற தெளிவும் இந்த வேலையில் அடக்கம். ஒரே வரியில் இரண்டு திறன்கள், இரண்டையும் விளம்பரம் பெயர் சொல்லிக் கேட்கவில்லை.

"சப்ளையர்களின் டெலிவரி தேதிகளைக் கண்காணிக்க வேண்டும்" என்ற வரி இன்னும் சுவாரசியமானது. தேதியைக் குறித்து வைப்பதை யாரும் செய்துவிடலாம். தாமதமாகும் என்று சப்ளையர் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே ஊகிப்பதும், அந்தக் கெட்ட செய்தியை மறைக்காமல் உள்ளே சொல்வதும்தான் கடினம். கடைசி நாள்வரை "வந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவரால் அடிபட்ட மேலாளர், அடுத்த ஆளிடம் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான். "புகார்களைப் பதிவு செய்து உரிய பிரிவுக்கு அனுப்ப வேண்டும்" என்ற வரியில் 'உரிய' என்பதைத் தீர்மானிக்கப் போவது நீங்கள். கோபமாகப் பேசுபவரின் பேச்சிலிருந்து பிரச்சினையை மட்டும் பிரித்தெடுக்கும் பொறுமையும், அது யாருடைய வேலை என்று முடிவு செய்யும் நிதானமும் அதற்கு வேண்டும்.

வினைச்சொற்களையும் கவனியுங்கள். 'சப்போர்ட்' என்றால் வேறொருவரின் முன்னுரிமைகளுக்கு ஏற்ப உங்கள் நாளை மாற்றிக்கொள்ள வேண்டும். 'ஓன்' (own) அல்லது 'டிரைவ்' (drive) என்று இருந்தால், யாரும் சொல்லாமலே தொடங்கி முடிக்கும் ஆளைத் தேடுகிறார்கள், தவறினால் பொறுப்பும் உங்களுடையதுதான். 'லியேஸ்' (liaise, தொடர்பாளராக இருப்பது) என்ற சொல் வந்தாலே, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு தரப்புகளுக்கு நடுவே நிற்கப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே விஷயம் வேறு வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஒரு இடத்தில் காலக்கெடு, இன்னொரு இடத்தில் "உரிய நேரத்தில்", கீழே "அழுத்தத்திலும் பணியாற்றும் திறன்" என்று வந்தால், அந்தப் பிரிவில் நேரம்தான் பிரச்சினை. அப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்பும் ரெஸ்யூமேயில், நீங்கள் எதையாவது குறித்த நேரத்தில் முடித்த செய்தி முதல் மூன்று வரிகளுக்குள் இருக்க வேண்டும்.

வேலை நிலைமைகளைச் சொல்லும் வரிகளைப் பலர் படிப்பதே இல்லை. யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும், ஷிஃப்ட் எப்படி, பயணம் உண்டா என்பவை அங்கே இருக்கும். வேறு வேறு நேர மண்டலங்களில் இருக்கும் குழுவோடு வீட்டிலிருந்து வேலை என்றால், எழுத்தில் தெளிவாகச் சொல்லும் திறன் இல்லாமல் சமாளிக்க முடியாது. நீங்கள் தூங்கும்போது உங்கள் செய்தியைப் படிப்பவர் அங்கே சந்தேகம் கேட்க முடியாது அல்லவா? 'புதிதாக உருவாக்கப்பட்ட பணியிடம்' என்று இருந்தால் நடைமுறை எதுவும் தயாராக இருக்காது, தெளிவில்லாத நிலையிலும் வேலையைத் தொடங்குபவர் வேண்டும். இரண்டு மேலாளர்களுக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்றால், முரண்படும் உத்தரவுகள் வரும்போது யாரிடம் எப்படிப் பேசுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

"வேகமான பணிச்சூழல்", "பல பொறுப்புகளை ஏற்கத் தயாராக இருக்க வேண்டும்" போன்ற வாசகங்களைப் பற்றியும் கேட்பீர்கள். முன்னுரிமைகள் அடிக்கடி மாறும் இடம் என்று அதற்குப் பொருள் இருக்கலாம். ஆள் பற்றாக்குறை என்றும் பொருள் இருக்கலாம். விளம்பரத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. நேர்காணலில் "இந்த வேலையில் முன்பு எத்தனை பேர் இருந்தார்கள்?" என்று கேளுங்கள், பதிலில் தெரிந்துவிடும். இப்படிப் படிப்பதில் உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு. சில வேலைகள் உங்களுக்கு ஒத்துவராது என்பது விண்ணப்பிக்கும் முன்பே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா வரியிலும் மறைபொருள் தேடக் கூடாது. எந்த வரியில் தேடுவது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. அதே பதவிக்கு வேறு நிறுவனங்கள் கொடுத்த ஐந்தாறு விளம்பரங்களைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எல்லாவற்றிலும் வருவது அந்தத் தொழிலின் பொது எதிர்பார்ப்பு. இந்த ஒன்றில் மட்டும் வருவது இந்த மேலாளரின் எதிர்பார்ப்பு. உங்கள் நேரத்தை இரண்டாவதில் அதிகம் செலவிடுங்கள்.

பொது எதிர்பார்ப்பைச் சரிபார்க்க இலவசமான இரண்டு தரவுத்தளங்கள் இருக்கின்றன. ஒன்று அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆதரவில் இயங்கும் ஓநெட் (O*NET). 900க்கும் மேற்பட்ட தொழில்களின் விவரங்கள் அதில் இருக்கின்றன. திறன்கள் பகுதியைவிட 'வொர்க் காண்டெக்ஸ்ட்' (வேலைச் சூழல்) என்ற பகுதியை நான் அதிகம் பரிந்துரைப்பேன். கோபமான ஆட்களை எத்தனை முறை எதிர்கொள்கிறார்கள், நேர நெருக்கடி தினமும் உண்டா, ஒரு பிழை நடந்தால் விளைவு எவ்வளவு பெரியது என்பதற்கெல்லாம் அந்தத் தொழில் சார்ந்தவர்களின் பதில்கள் சதவீதத்தோடு இருக்கும். விளம்பரம் விட்டுவிடும் விஷயங்கள் இவைதான். இன்னொன்று ஐரோப்பிய ஆணையத்தின் எஸ்கோ (ESCO). ஒவ்வொரு தொழிலுக்கும் கட்டாயத் திறன்கள், கூடுதல் திறன்கள் என்று அதில் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். நாட்டுக்கு நாடு வேலைமுறை மாறும் என்பதால் இவற்றை அப்படியே நகலெடுக்க வேண்டாம், உங்கள் ஊகம் சரிதானா என்று பார்க்கப் பயன்படுத்துங்கள்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. ரெஸ்யூமேயில் எங்கே, எப்படி எழுதுவது? திறன்கள் பட்டியலில் வேண்டாம். அது எக்ஸெல், இஆர்பி (நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளையும் இணைக்கும் மென்பொருள்) போன்றவற்றுக்கான இடம். விண்ணப்பங்களை நிர்வகிக்கும் ஏடிஎஸ் மென்பொருளில் தேடுபவர்கள் இப்படிப்பட்ட சொற்களைத்தான் பெரும்பாலும் தேடுவார்கள், அதனால் விளம்பரத்தில் உள்ள அதே எழுத்துக்கோர்வையில் அவற்றை எழுதுங்கள். மென்திறன்கள் இருக்க வேண்டிய இடம், உங்கள் அனுபவத்தைச் சொல்லும் வரிகள். அதுவும் பெயராக அல்ல, நடந்த செயலாக.

உங்கள் ரெஸ்யூமேயில் "மாதாந்திர பில்லிங் பணிகளைக் கவனித்தேன்" என்று இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதே வேலையை இப்படி எழுதிப் பாருங்கள்: "விற்பனை, கிடங்கு, கணக்கு ஆகிய 3 பிரிவுகளிடம் விவரம் பெற்று, மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் பில்களை முடித்தேன். விலையில் வேறுபாடு வந்தால் யார் சரிபார்ப்பது என்று பிரிவுகளோடு பேசி ஒரு நடைமுறையை ஏற்படுத்தினேன்." இதில் ஒருங்கிணைப்பு, பேச்சுவார்த்தை என்ற சொற்களே இல்லை. ஆனால் மேலே பார்த்த முதல் வரியை எழுதிய மேலாளர் இதைப் படித்தால், தன்னுடைய வியாழக்கிழமை அறிக்கையைத்தான் நினைப்பார். வேலை செய்தவர் அதே ஆள், அனுபவம் அதே நான்கு ஆண்டு. எதிரில் யார் இருந்தார்கள், என்ன சிக்கல், எப்படி முடிந்தது என்பது மட்டும் புதிதாக வெளியே வந்திருக்கிறது. நடக்காத ஒன்றை எழுதக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எண்களையும், கேட்டால் விளக்கக் கூடியவையாக இருந்தால் மட்டும் சேருங்கள்.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் முழு ரெஸ்யூமேயையும் திருத்திக்கொண்டிருந்தால் சோர்ந்துவிடுவீர்கள். மேலே இருக்கும் அறிமுகத்தையும், தற்போதைய வேலையின் முதல் மூன்று வரிகளையும் மாற்றினால் போதும். முதல் பார்வை விழும் இடம் அதுதான். இதற்கு வசதியாக, நான்கு ஆண்டுகளில் நீங்கள் சமாளித்த சம்பவங்களை ஒரு தனிக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாமதமான பில், ஒத்துவராத கணக்கு, கோபித்துக்கொண்ட வாடிக்கையாளர், புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுத்தது என்று எதுவும் சின்ன விஷயம் இல்லை. விளம்பரத்தைப் படித்ததும் அதற்குப் பொருந்தும் மூன்றை எடுத்து மேலே வைக்கலாம்.

விளம்பரம் எதிர்பார்க்கும் ஒரு திறனுக்கு உங்களிடம் சம்பவமே இல்லை என்றால் விட்டுவிடுங்கள். பக்கத்தில் வரும் வேறொன்று இருக்கும். சப்ளையர்களோடு பேசியதில்லை, ஆனால் பணம் பாக்கி வைத்த வாடிக்கையாளர்களிடம் தொடர்ந்து பேசி வசூலித்திருக்கிறீர்கள் என்றால் அதை எழுதலாம். விடாமல் பின்தொடர்வது என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

அப்புறம், விண்ணப்பித்த அன்றே விளம்பரத்தை முழுதாக நகலெடுத்து, அனுப்பிய ரெஸ்யூமேயோடு சேர்த்துச் சேமித்து வையுங்கள். கடைசித் தேதி முடிந்ததும் பல நிறுவனங்கள் விளம்பரத்தை எடுத்துவிடுகின்றன. அழைப்பு அதற்குப் பிறகுதான் வரும், நேர்காணலுக்குத் தயாராகும்போது எந்த வரியை மனதில் வைத்து எதை எழுதினீர்கள் என்று பார்க்க உங்களுக்கு அது தேவைப்படும்.